முதுகில் ஏறிய தவளை

சடையப்பனுக்குக் காவி கட்ட நாள் குறித்தாகிவிட்டது. மடத்துச் சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். "அதுக்கு முன்னாடி குளத்தைத் தூர் வாரிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

உள்ளதைச் சொன்னால், சடையப்பன் ஞானம் தேடி வந்தவர் அல்ல. வெட்கம் தாங்காமல் வந்தவர். மனைவி வள்ளிநாச்சி அவரைவிட ஒரு சாண் உயரம், அதற்கேற்ற உடம்பு. மழையில் போனால் குடையை அவர்தான் பிடிப்பார். பாவம், அவள் குனிந்தே நடப்பாள். தேர்த் திருவிழாவில் அவருக்குக் கால் பிசகியது. அவள் யோசிக்கவே இல்லை. முதுகில் தூக்கிக்கொண்டு தேர்வீதி வழியாகவே வீடு வந்து சேர்ந்தாள்.

"பிள்ளைக்குப் பசிக்கப் போகுது நாச்சி!" என்று ஊரே சிரித்தது. கால் சரியானதும் முதல் வேலையாக அவர் மடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

குளத்தில் சேற்றைவிடத் தவளைதான் அதிகம். பெரிசு பொடிசை நசுக்கிவிடும் என்று அவருக்கு ஒரு கவலை. பெரிசுகளை மட்டும் திரும்பக் குளத்தில் விட்டார். பொடிசுகளைக் கொல்லையில் இருந்த உயரமான தொட்டியில் போட்டார். சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் காலை மழை பிடித்தது. தொட்டியில் ஒரே கூச்சல், காது கிழிந்தது. குளத்தில் ஒரு சத்தமும் இல்லை.

"பொடிசுங்க ஏன் சாமி இப்படிக் கத்துது? கண்ணை மூடி உக்கார முடியலை."

"குளத்துல விட்டுப் பாருங்க."

விட்டார். உச்சிப்பொழுதுக்குள் பொடிசுகள் பெரிசுகளின் முதுகில் ஏறி இறுகப் பிடித்துக்கொண்டன. சடையப்பனுக்கு மனம் இளகிவிட்டது.

"பாருங்க சாமி, தாய் பிள்ளையைச் சுமக்குது!"

"தாயில்லை. பெண்டாட்டி."

"அப்ப மேல இருக்கிறது?"

"புருஷன்."

சடையப்பனுக்குக் காது சூடானது. "இத்தனூண்டா?"

"வயிறு கொள்ளாம முட்டை சுமக்கிறவ அவ. உடம்பு வேணும்ல?"

"அதுக்காக, அவ முதுகுல ஏறிக்கிட்டு... பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"நீங்க பார்த்தீங்களே, சிரிச்சீங்களா?"

அதற்குள் வாசலில் வள்ளிநாச்சியின் குரல் கேட்டது. நாளைக்குக் காவி என்று யாரோ சொல்லி, தூறலில் குடையோடு வந்திருந்தாள்.

"ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடுறேன். வர்றீங்களா, இல்லையா?"

சடையப்பன் சாமியிடம் மெல்லக் கேட்டார். "நான் போனா ஊர் வாய் மூடுமா சாமி?"

"ஊரை விடுங்க. காலையில பெண்டாட்டியைக் காணாம பொடிசுங்க அந்தக் கத்துக் கத்துச்சே, இப்பச் சத்தம் வருதா பாருங்க."

சடையப்பன் காது கொடுத்துக் கேட்டார். குளத்தில் மழை விழும் சத்தம் மட்டும்தான் இருந்தது.

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். வள்ளிநாச்சி பழக்கதோஷத்தில் குடையை அவரிடம் நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீயே பிடி நாச்சி" என்றார் சடையப்பன். "உனக்குத்தான் எட்டும்."