செதில் முளைத்த இளவரசி

முன்னொரு காலத்தில், கடல் நீர் உப்பாவதா இனிப்பாவதா என்று இன்னும் முடிவு செய்யாத நாளில், புன்னைவனம் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த அரண்மனையில் யாரும் அழக்கூடாது. அரச குடும்பத்தின் கண்ணீர் தரையில் விழுந்தால் மழை பொய்த்துவிடும் என்று எந்தக் காலத்திலோ ஒரு மந்திரவாதி சொல்லி, கண்ணீரைக் கட்டும் மந்திரமும் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரிய இடத்தில் கேள்வி கேட்பவர்கள் குறைவுதானே.

அந்த நாட்டு இளவரசி அல்லியங்கோதை. அவளுடைய அம்மா, மகாராணி, காய்ச்சலில் இறந்துபோனாள். இளவரசி அழவில்லை. தொண்டை வரை வந்ததை விழுங்கினாள். மறுநாள் முழங்கையில் மீன் செதில் போல ஒன்று முளைத்து அரித்தது. அம்மாவின் ஊஞ்சலைப் பார்த்தாள், விழுங்கினாள், இன்னொரு செதில். அம்மாவின் சீப்பைப் பார்த்தாள், விழுங்கினாள், இன்னொரு செதில். கழுத்து வரை ஏறிவிட்டது.

முதல் வைத்தியர், "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு வேப்பெண்ணெய் தடவினார். இரண்டாமவர், "எங்கே அரிக்கிறது?" என்று கேட்டுக் குப்பைமேனிச் சாறு பூசினார். மூன்றாமவர் ஒன்றுமே கேட்காமல் மஞ்சளை அரைத்து அப்பினார். ஒரு செதிலும் அசையவில்லை.

"தொற்றினாலும் தொற்றும். பௌர்ணமிக்குள் குணமாகாவிட்டால் இளவரசியைத் தீவு மாளிகைக்கு அனுப்பிவிடலாம்" என்றார் மந்திரி. ராஜா சரியென்று தலையை அசைத்தார். அம்மாவும் இல்லாமல், அப்பாவையும் பிரிந்து தனியாக எப்படி இருப்பது? நினைத்ததுமே அவள் கன்னத்தில் ஒரு செதில் முளைத்தது.

அப்போது சுவரில் ஒரு கிழட்டுப் பல்லி 'ச்ச்ச்' என்றது. கிழக்கே சொன்னதா மேற்கே சொன்னதா என்று பலன் பார்க்கத் தோழிகள் பஞ்சாங்கத்தைத் தேடி ஓடினார்கள். அல்லியங்கோதை மட்டும், "பல்லியாரே, என்ன சொல்கிறீர்?" என்று கேட்டாள்.

"அப்பாடா, கேட்டாயே! எல்லாரும் திசையைப் பார்க்கிறார்கள், சொல்லைக் கேட்பாரில்லை. கண்ணில் வராதது தோலில் வரும், பெண்ணே. கண்ணீரைக் கட்டலாம், துக்கத்தைக் கட்ட முடியாது."

"கட்டை எப்படி அவிழ்ப்பது?"

"உன்னைப் போலவே விழுங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போ. யாரும் கேட்காததைக் கேள்."

இளவரசி யோசித்தாள். கொளுத்தும் வெயிலிலும் அப்பா ஏன் மணிக்கட்டு வரை மூடிய அங்கியிலேயே இருக்கிறார்? ஓடிப்போய் அவர் எதிரே நின்றாள்.

"அப்பா, உங்களுக்கும் அம்மாவைத் தேடுதா?"

ராஜா அங்கிக் கையை மெல்ல மேலே ஏற்றினார். தோள் வரை செதில், செதில், செதில்.

"தேடுதும்மா. உன்னைப் பார்த்தா இன்னும் தேடுது. அதான் உன் முகத்தைப் பார்க்கவே பயந்தேன்."

அரித்துப் புண்ணான அந்தக் கையை அவள் தன் செதில் கைக்குள் பொத்திக்கொண்டாள். கேட்டதுமே மந்திரக் கட்டு அவிழ்ந்துவிட்டிருந்தது. ராஜாவின் கண்ணீர் தரையில் விழுந்தது, மகளின் கண்ணீர் அதன்மேல் விழுந்தது. மந்திரி பதறிப்போய் வானத்தைப் பார்த்தார்.

செதில் ஒரே நாளில் உதிர்ந்துவிடவில்லை. ஆனால் முன்பு பலன் தராத அதே வேப்பெண்ணெய் இப்போது பலன் தந்தது. நாள்பட நாள்பட ஒவ்வொன்றாக உதிர்ந்தது. அதன்பின் அந்நாட்டு வைத்தியர்கள், "மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் மருந்துப் பெட்டியைத் திறந்தார்கள்.

மழையா? அந்த வருஷம் ஏரி ததும்பப் பெய்தது. அப்பாவும் மகளும் ஊஞ்சலைப் படகில் ஏற்றிக்கொண்டு தீவு மாளிகைக்குச் சேர்ந்தே போனார்கள், அம்மாவைப் பற்றி ஆசைதீரப் பேச.

இதெல்லாம் நிஜமா என்கிறீர்களா? அதோ, சுவரில் பல்லி சொல்கிறது, கேளுங்கள்.