தொப்பி போட்ட மட்டக்குதிரை

காங்கயத்துப் பக்கம் ஒரு மேய்ச்சல் காட்டுக்கு மட்டக்குதிரை ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது. பெயர் துரை. சினிமாப் படப்பிடிப்புகளில் ஓடிய குதிரை. தலையில் ஒரு கௌபாய் தொப்பி. வாயில் அதைவிடப் பெரிய பேச்சு!

"இனிமே இது மேய்ச்சல் காடு இல்ல, ராஞ்ச்! மாட்டை ஒண்ணு சேர்த்தா அது ரவுண்டப்! மிரண்டு ஓடினா ஸ்டாம்பீட்! நான் இருக்கும்போது எவனுக்கும் பயம் வேணாம், பார்ட்னர்!"

மாடுகள் அசைபோடுவதையே மறந்து கேட்டன. செம்பி என்ற பசு மட்டும் மசியவில்லை.

"பேரெல்லாஞ் சரிங் தம்பி. மாட்டை மேய்ச்சுப் பழக்கமுங்களா?"

"எத்தனை மந்தையை விரட்டியிருக்கேன் தெரியுமாக்கா!"

அது பொய்யில்லை. கேமராவுக்கு முன்னால் மாடுகளை ஓடவிட்டுப் பின்னாலேயே கனைத்துக்கொண்டு போவதுதான் துரையின் வேலை. ஓடும் மாட்டை நிறுத்தச் சொல்லி யாரும் அதைக் கேட்டதில்லை.

ஒருநாள் மேய்ப்பர் சாப்பிடப் போயிருந்தார். திடீரென்று வானம் கறுத்து இடி விழுந்தது. மாடுகள் மிரண்டு கிழக்கே பாய்ந்தன. அங்கே வேலி சரிந்து கிடந்தது. அதற்கு அப்பால் கல் வெட்டிய பெரும்பள்ளம்! முன்னால் மயிலைக் காளை. அதன் விலாவை ஒட்டிச் செம்பியின் கன்று.

"ஸ்டாம்பீட்! ரவுண்டப்!" என்று துரை பின்னாலிருந்து கத்தியது. கத்தக் கத்த மாடுகள் இன்னும் வேகமாக ஓடின. துரைக்குத் தெரிந்த சொல்லெல்லாம் தீர்ந்துவிட்டது. வெட்கத்தை விட்டு, மந்தையின் கடைசியில் வந்த செம்பியிடம் ஓடியது.

"அக்கா, எனக்குத் தெரியலக்கா! என்ன செய்யணும், சொல்லுங்க!"

"பின்னால கத்தாதீங்! முன்னால போயிக் காளையை ஒரு பக்கமா மடக்கோணும்! மத்ததெல்லாம் அது பின்னாலயே திரும்பும். என்ற கன்னு அங்கதான் ஓடுது, போங் தம்பி!"

துரை நாலுகால் பாய்ச்சலில் பறந்தது. தொப்பி எங்கோ விழுந்தது, யார் பார்த்தார்கள்! காளையின் கழுத்தில் தோளைக் கொடுத்து, மூச்சுக்கூடக் காட்டாமல் தள்ளியது. காளை திமிறியது. துரை விடவில்லை. பள்ளத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் காளை வளைந்தது. மந்தையும் கூடவே வளைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மூச்சிரைக்க நின்றது.

செம்பி ஓடிவந்து கன்றை நக்கு நக்கென்று நக்கியது.

"மாமா, இப்பச் செஞ்சீங்களே, இதுக்கு என்ன பேருங்?" என்றது கன்று.

"தெரியாதுடா கண்ணு. உங்கம்மாவைக் கேளு!" என்றது துரை, தலையை நிமிர்த்திக்கொண்டு.

தொழிலின் பேச்சை யாரும் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கத் துணிந்தவருக்குத்தான் தொழில் கைக்கு வரும்.