பெருக்கல் குறி

"குருவே, கடைசிப் பக்கம் முடியவில்லை. முடிக்கவும் தெரியவில்லை" என்றார் நோரிஸ்.

அமெரிக்காவில் காமிக்ஸ் புத்தகங்களுக்கு மை போடுகிறவர் அவர். ஒருவர் பென்சிலில் வரைவார். இன்னொருவர் அதன்மேல் மை ஓட்டுவார். மை காய்ந்ததும் பென்சில் கோடுகளை ரப்பரால் அழித்துவிட வேண்டும். தொழில் வழக்கம் அப்படி.

குரு ஒரு பெண் துறவி. நோரிஸுக்கு மகளாக இருக்கும் வயது. மலைமேல் மடம், வெளியே பனி. மூச்சு வாங்க ஏறி வந்த கிழவருக்கு ஒரு வாய் டீகூடக் கொடுக்காமல் உட்காரச் சொன்னார். ஞானிகளுக்கு இதெல்லாம் தோன்றுவதில்லை.

"பென்சில்காரர் எங்கே?"

"போன மாதம் காலமாகிவிட்டார். டெல்பர்ட் என்று பேர். அவர் இருந்தது ஒஹையோவில், நான் நியூயார்க்கில்."

"நண்பரா?"

நோரிஸ் யோசித்தார்.

"பார்த்ததே இல்லை. முப்பது வருஷமாகத் தபாலில் பக்கம் வரும். மை போட்டுக் கம்பெனியில் கொடுத்துவிடுவேன்."

"கூடவே கடிதம் வருமா?"

"எழுத மாட்டார். பெருக்கல் குறி மட்டும் போடுவார்."

"அது எதற்கு?"

"எந்த இடத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டுமோ, அங்கே சின்னதாக ஒரு பெருக்கல் குறி. எங்கள் கதாநாயகன் ராத்திரியில் கூரைமேல் அலைகிறவன். அதனால் நிறையக் குறி வரும்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. இத்தனை வருஷம் அவரிடம் தவறாமல் பேசியவர் ஒரே ஒருவர். அவரும் பெருக்கல் குறியால்தான் பேசினார்.

பையிலிருந்து மைப்புட்டி, தூரிகை, ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை விரித்தார். மற்ற கட்டங்களுக்கெல்லாம் மை போட்டாகிவிட்டது. கடைசிக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. சுற்றிலும் சட்டம், நடுவில் ஒரு பெருக்கல் குறி.

"வரைந்து முடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. திங்கட்கிழமைக்குள் தராவிட்டால் வேறு ஆளை வைத்து வரைந்துகொள்வார்களாம். டெல்பர்ட்டின் கடைசிப் பக்கத்தில் எவனோ ஒருவன் கை வைப்பதா? என்னால் தாங்க முடியாது."

"கறுப்பு என்றுதானே குறி போட்டிருக்கிறார். நிரப்புங்களேன்."

"எங்கே நிறுத்துவது? கோடே இல்லையே!"

கோடு போடச் சொன்னால் ரோடு போடுகிறவர்கள் உண்டு. நோரிஸ் டெல்பர்ட்டின் கோட்டை மயிரிழைகூடத் தாண்டியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

குரு குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தார்.

"இதற்கு முன்பு இப்படிக் கோடு இல்லாமல் அனுப்பியிருக்கிறாரா?"

"அவரா? சுவரில் செங்கல் இருந்தால் ஒவ்வொரு செங்கல்லாக வரைகிற மனுஷன்."

"சரி. குறியை எப்போது போடுவார், முதலிலா?"

"முதலில் எப்படிப் போட முடியும்? படம் முழுக்க முடிந்த பிறகுதான் குறி…"

நோரிஸ் பாதியில் நிறுத்திவிட்டார்.

குரு மைப்புட்டியின் மூடியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு எழுந்து போய், முதுகைக் காட்டிக்கொண்டு பனியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

நோரிஸ் தூரிகையை எடுத்தார். நான்கு மூலைகளிலிருந்தும் உள்நோக்கி நிரப்பிக்கொண்டே வந்தார். கட்டத்துக்குள் ராத்திரி வந்தது. குறியை நெருங்கியதும் தூரிகையின் வேகத்தைக் குறைத்தார்.

குறியைச் சுற்றி விரல் நகமளவு சதுரத்தை விட்டுவிட்டு நிறுத்தினார்.

ராத்திரிக்குள் எங்கோ தூரத்தில், விளக்கு எரிகிற ஒரு ஜன்னல். அதில் யாரோ நிற்பதுபோல அந்தப் பென்சில் குறி.

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் கையிலிருக்கும் மை முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மை காய்ந்தது. குரு வந்து பார்த்தார். கீழே கிடந்த ரப்பரை எடுத்து நீட்டினார்.

"பென்சிலை அழிக்க வேண்டும் என்றீர்களே."

நோரிஸ் வாங்கிக்கொண்டார். மேலே இருந்த கட்டங்களில் டெல்பர்ட்டின் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தார். தூளை ஊதித் தள்ளினார். கடைசிக் கட்டம் வந்ததும் ரப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"குறி அச்சில் தெரியுமே" என்றார் குரு. "அழிக்க மறந்துவிட்டீர்கள் என்பார்களே?"

"என்பார்கள்."

"என்ன பதில் சொல்வீர்கள்?"

"ஆள் வீட்டில் இருக்கிறார் என்பேன்."

குரு எழுந்து டீ போடப் போனார்.