இருவாச்சியின் சுவரை உடைத்தது யார்?

தேன்பாறை மலைக்காட்டில் மஞ்சமூக்கன் என்று ஓர் ஆண் இருவாச்சிப் பறவை வாழ்ந்தான். முகத்தில் பாதி மூக்குதான்! அந்த மூக்குக்கு எதைக் கண்டாலும் வியர்த்துவிடும். மழை பெய்தால், "இப்ப ஏன் பெய்யுது?" என்று கேட்பான். மழை நின்றால், "அதுக்குள்ள ஏன் நின்னுச்சு?" என்று கேட்பான். அப்படி ஒரு சந்தேகப் பிராணி.

ஆனால் அந்த மாதம் அவன் பயந்ததில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அவன் மனைவி அத்தி, ஓர் உயரமான மரத்தின் பொந்துக்குள் இருந்தாள். இருவாச்சிகளின் வழக்கம் தெரியுமல்லவா? முட்டையிடப் பெண் பறவை பொந்துக்குள் போகும். மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலைச் சுவர் வைத்து மூடிக்கொள்ளும். அலகு நீட்ட மட்டும் ஒரு சின்னச் சந்து. உள்ளே இருக்கும்போது அதன் சிறகெல்லாம் உதிர்ந்து புதிதாக முளைக்கும். அதுவரை பறக்க முடியாது.

அத்திக்கு ஒரு குஞ்சு பொரிந்திருந்தது. பிறந்து ஐந்தே நாள். மஞ்சமூக்கன் பழம் கொண்டுவந்து சந்து வழியாக ஊட்டினால்தான் உள்ளே இரண்டு உயிர் பிழைக்கும்.

அந்த நேரம் பார்த்து மனிதர்கள் வந்தார்கள்.

அந்தக் காட்டைக் கீழே இருக்கும் ஊர்க்காரர்களே பார்த்துக்கொண்டார்கள். மரம் வெட்ட விடமாட்டார்கள். வேட்டையாட விடமாட்டார்கள். வருடத்தில் சில நாள் மட்டும், பறவை பார்க்க ஆசைப்படும் வெளியூர்க்காரர்களை மேலே அழைத்து வருவார்கள். இந்த முறை எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தவள் வெள்ளச்சி. அந்த ஊர்ப் பெண். கூட்டைச் சுற்றி அறுபது அடி தூரத்துக்கு யாரும் போகக்கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு. அதனால் அவள் ஓர் ஓலைத்தட்டியைக் கட்டி, அதன் பின்னால் எல்லோரையும் உட்காரவைத்தாள்.

"பேசக்கூடாது. எந்திரிக்கக்கூடாது. அது நம்மளப் பாத்துட்டா குஞ்சுக்குத் தீனி வராது" என்று மெதுவாகச் சொன்னாள்.

மஞ்சமூக்கன் கண்ணுக்கு அந்த ஓலைத்தட்டி தப்புமா? தப்பவில்லை.

'இலை நிறத்தில் சட்டை! கண்ணில் கறுப்புக் குழாய்! குசுகுசுவென்று பேச்சு! நல்லவன் எதற்கு ஒளிந்து உட்காரணும்?' என்று யோசித்தான். வாயில் இருந்த அத்திப்பழத்தை ஊட்டாமலே திரும்பிப் பறந்துவிட்டான்.

பக்கத்து மரத்தில் இருந்த மலை அணில் இதைப் பார்த்தது.

"ஏன் தம்பி, வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறே? பிள்ள பசியில கத்துதே!"

"கீழே பாருங்க அக்கா! ஒன்பது பேர்! எம்புள்ளயத் தூக்க வந்திருக்காங்க!"

"அட, அவங்க சும்மா பாக்க வந்தவங்கப்பா! போன வருஷம் என் கூட்டையும் இப்படித்தான் பாத்தாங்க. ஒரு குச்சியைக்கூடத் தொடல."

"ஓகோ! அவங்களுக்கு இவ்வளவு பரிஞ்சு பேசறீங்க! உங்களுக்கு என்ன குடுத்தாங்க? பலாக்கொட்டையா?"

அணிலுக்குச் சுருக்கென்றது. "உனக்குப் போய்ச் சொல்ல வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்று வாலை ஆட்டிவிட்டுப் போய்விட்டது.

'கோபம் வருகிறதென்றால் விஷயம் இருக்கிறது' என்று மஞ்சமூக்கன் முடிவு கட்டினான். பாவம், அந்த அணில்!

மறுநாளும் வெள்ளச்சியின் கூட்டம் வந்தது. மறுநாளும் அவன் ஊட்டவில்லை. ஒரு கிளையில் உட்கார்ந்து தட்டியையே முறைத்துக்கொண்டிருந்தான். அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"உங்க சந்தேகம் நூத்துக்கு நூறு சரிண்ணே!"

திரும்பினால் மரநாய்! பளபளவென்று உடம்பு, பவ்வியமாக மடக்கிய கால்.

"நீ யாரு? உனக்கென்ன வந்துச்சு?" என்று மஞ்சமூக்கன் சீறினான்.

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே. இந்தக் காட்டுல எல்லாரும் கண்ணை மூடிட்டுத் திரியறாங்க. உங்களுக்கு மட்டும்தான் கண்ணு தெறந்திருக்கு. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

மஞ்சமூக்கனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு கிளை நகர்ந்து இடம்கூட விட்டான்!

"அவங்க கையில ஏதோ எழுதறாங்களே, பாத்தியா?"

"பாத்தேனே! எந்த நேரத்துல நீங்க இருக்க மாட்டீங்கன்னு குறிச்சுக்கறாங்க!"

"நானும் அதையேதான் நெனச்சேன்! அந்த அணில்?"

"உளவாளிண்ணே! சந்தேகமே வேண்டாம்!"

இரண்டு நாளாக யாரும் அவனை நம்பவில்லை. இதோ ஒருத்தன் நம்புகிறான்! அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் நெருங்கி உட்கார்ந்து கேட்டான்: "இப்ப நான் என்ன பண்ணட்டும், சொல்லு!"

மரநாய் பெருமூச்சு விட்டது. "இந்தப் பொந்து அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே ஆகாது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல பொந்து பாத்து வெச்சிருக்கேன். அண்ணியையும் பிள்ளையையும் அங்க மாத்திடுங்க. அதுக்கு முதல்ல இந்தச் சுவரை உடைக்கணும். என் பல்லுக்கு அது உடையாது. உங்க மூக்கு இருக்கே, கோடாலி மாதிரி!"

'உன் பல்லுக்கு உடையாது என்று உனக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மழையைக் கேள்வி கேட்ட மகராசன், இதைக் கேட்கவில்லை!

மூன்றாம் நாள் காலை. மஞ்சமூக்கன் சந்தருகே போனான். உள்ளேயிருந்து அத்தியின் அலகு ஆசையாக நீண்டது.

"வந்துட்டீங்களா! புள்ள சத்தம்கூடப் போட மாட்டேங்குது. ஒரு பழமாவது குடுங்க!"

"பழம் அப்புறம். தள்ளி நில்லு. சுவரை உடைக்கப் போறேன்!"

"என்னது! புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? எனக்கு ஒரு சிறகுகூட முழுசா முளைக்கல. உடைச்சா நான் எங்க பறப்பேன்? புள்ள எங்க போவான்?"

"நீ உள்ள இருக்கே, உனக்கு ஒண்ணும் தெரியாது. வெளிய நடக்கிற சதி எனக்குத்தான் தெரியும்!"

டொக்! டொக்! டொக்! அத்தி அழுது பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பாதிச் சுவர் பெயர்ந்து விழுந்தது. பொந்தின் மூலையில் குஞ்சு வெயில் பட்டு நடுங்கியது.

"போதும்ண்ணே!" என்று மரநாய் மேல்கிளையிலிருந்து சொன்னது. "நீங்க போய்ப் புதுப் பொந்தை ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் அண்ணிக்கு நான் காவல்!"

"நீ நல்லா இருக்கணும்டா!" என்று வாழ்த்திவிட்டு மஞ்சமூக்கன் கிளம்பினான்.

ஓடையைத் தாண்டினான். மரநாய் சொன்ன மரத்தைத் தேடினான். பொந்தும் இல்லை, புடலங்காயும் இல்லை! அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். மரநாயின் தலை பொந்துக்குள் இருந்தது. வால் மட்டும் வெளியே ஆடியது.

"அத்தீ!"

ரயில் வருவது போல் சிறகு இரைய அவன் பறந்தான். ஆனால் ஓடையின் அகலம் கொஞ்சமா? எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் அவன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அப்படி எதுவும் முடிந்துவிடவில்லை. ஏன் தெரியுமா? ஓலைத்தட்டியின் பின்னால் அன்றும் ஒன்பது பேர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க! கத்துங்க!" என்று வெள்ளச்சி அலறினாள். மூன்று நாள் வாயே திறக்காத கூட்டம் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டது. வெள்ளச்சி தூக்குச்சட்டியைக் கல்லால் தட்டிக்கொண்டே மரத்தடிக்கு ஓடினாள். "ஓய்! ஓய்! எறங்குடா கீழே!"

பொந்துக்குள் அத்தி குஞ்சைத் தன் உடம்புக்கு அடியில் தள்ளிவிட்டு, அலகால் மரநாயைக் குத்திக்கொண்டிருந்தாள். அவள் கன்னம் கிழிந்து ரத்தம் வழிந்தது. ஆனாலும் ஓர் அங்குலம் நகரவில்லை. உள்ளே அலகு, வெளியே கூச்சல். மரநாய் மிரண்டுபோய்க் கிளை விட்டுக் கிளை தாவி ஓடியே போய்விட்டது.

மஞ்சமூக்கன் வந்து சேர்ந்தபோது வெள்ளச்சி தன் ஆட்களை அவசர அவசரமாகத் தட்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். "போதும், போதும். அதுங்களை விட்டுடுங்க. இனிமே இங்க நிக்கக்கூடாது, கீழே போலாம்." அவள் கண் கலங்கியிருந்தது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்கள்.

மஞ்சமூக்கன் தலை குனிந்து நின்றான். "குஞ்சு...?"

"உசுரோட இருக்கான்" என்றாள் அத்தி. "மண்ணு கொண்டாங்க."

அவன் ஓடைக்கரையிலிருந்து ஈரமண் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தான். நடுநடுவே பழமும் கொடுத்தான். அவள் வாங்கிக் குஞ்சுக்கு ஊட்டினாள், சுவரைப் பூசினாள். சாயங்காலத்துக்குள் பழையபடி சந்து மட்டும் மிஞ்சியது. அந்தச் சந்து வழியாக அவள் கேட்டாள்:

"பாக்க வந்தவங்களைச் சந்தேகப்பட்டீங்க. அணில் அக்காவைச் சந்தேகப்பட்டீங்க. என் பேச்சையும் நம்பல. அவனை மட்டும் ஏங்க சந்தேகப்படல?"

மஞ்சமூக்கன் அலகிலிருந்த கடைசிப் பழத்தைச் சந்து வழியாக நீட்டினான். பிறகு மெல்லச் சொன்னான்:

"நான் சொன்னதுக்கெல்லாம் அவன் ஆமா போட்டான், அத்தி."

ஊரையே சந்தேகப்படுகிறவன், தன் சந்தேகத்துக்கு ஆமாம் போடுகிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.