மூன்றாவது வெடி

மேலே போய் இரண்டு முறை வெடிக்கும் பீரங்கிக் குண்டைத் தானே கண்டுபிடித்ததாகக் காப்புரிமை கேட்டார் ஓய்வுபெற்ற மேஜர் ரங்கபாஷ்யம். கிடைத்துவிட்டால், காளி கோயில் கொடைத் திருவிழாவில் அதே மாதிரி வாணம் விடும் செண்பகத்தின் பிழைப்பு போச்சு.

"இவங்க வாணத்தை நான் பார்த்ததே இல்லை," என்றார் மேஜர்.

"பார்த்தாருன்னு சாட்சி இருக்கா?" என்று செண்பகத்தைக் கேட்டார் விசாரணை அதிகாரி.

"ஒண்ணு விட்டுக் காட்டுதேன், ஐயா."

மைதானத்தில் வாணம் ஏறியது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். இரண்டு முறை வெடித்ததும் கையை எடுத்தார்கள். மேஜர் மட்டும் எடுக்கவில்லை. சற்றுப் பொறுத்து மூன்றாவதும் வெடித்தது. அதிகாரி துள்ளி விழுந்தார். மேஜர் அதன்பிறகே கையை இறக்கினார்.

"அது காளிக்கு விடுத வெடி, தாமசமாத்தான் வரும். கொடைக்கு வந்தவகளுக்குத்தான் தெரியும்," என்றாள் செண்பகம். "மேஜர் ஐயா, இந்த வருசமும் வந்திருங்க."