தவமலர் அம்மையார் தோய்த்த சீலை

கடல் தாண்டி வந்த அகதிகளின் முகாமில் கோயில் கொண்ட முத்துமாரி அம்மனுக்குச் சீலை தோய்ப்பதே தவமலர் அம்மையாரின் தொண்டு. வியாழக்கிழமைதோறும் அம்மன் உடுத்திக் களைந்த சீலையைக் குழாயடிக்குக் கொண்டுபோவார். கல்லில் அடிக்க மாட்டார். பச்சைக் குழந்தையின் துணியைப்போலக் கைகளால் கசக்கி, நிழலில் உலர்த்துவார்.

பிள்ளை இல்லையென்று அவருடைய கணவர் குகதாசன் விவாகரத்து வாங்கிக்கொண்டார். யோகராணியை மணந்து அவர் குடியேறியது அடுத்த வாசலில் இருந்த தம் தாயின் வீட்டில். இடையில் ஒரே சுவர். முகாமில் பதிந்த வீட்டை நினைத்தபடி மாற்றவும் முடியாது. "ராணி, ராணி" என்று குகதாசன் கூப்பிடுவது அம்மையாருக்குக் கேட்கும். தம்மை ஒருநாளும் பெயர் சொல்லாமல் "இஞ்சேர்" என்றே அழைத்த வாய் அது.

அம்மையார் அம்மனிடம் எதையும் ஒளிக்கவில்லை. "தாயே, வயிறு பத்தி எரியுது" என்று சொல்லிவிட்டே சீலையை நனைப்பார்.

ஆடித் திருவிழா முடிந்ததும் அம்மனின் பட்டுச் சீலையைக் கர்ப்பிணி ஒருத்திக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். தோய்த்தவரே தம் கையால் நீட்டி, "மனம் குளிரத் தாறன்" என்று சொல்ல வேண்டும். அவ்வாண்டு முறை யோகராணிக்கு வந்தது.

"அவவுக்கு எங்க குளிரும்? பக்கத்துச் சுவரே சுடுதாம்!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. பெண்கள் சிரித்தார்கள்.

அம்மையார் சீலையை நீட்டாமல் நிற்க, கோயில் சபைத் தலைவர் பொறுமை இழந்தார். "சொல்லிக் குடுங்கோ. இல்லாட்டி இனிச் சீலைத் தொண்டு வேற ஆளுக்கு."

அம்மையாருக்கு மிஞ்சியிருந்தது அந்தத் தொண்டு ஒன்றுதான். யோகராணியின் நிறைந்த வயிற்றைப் பார்த்தார். பிறகு சன்னதியைப் பார்த்தார்.

"குளிரேல்லை, தாயே. எரியுது. உன்ர சீலையில ஒரு கறை விட்டதில்லை. பொய்யை மட்டும் என்னெண்டு மடிச்சு வைக்கிறது? ஒரு பிள்ளையைச் சுத்தப்போற சீலையெல்லோ."

சிரிப்பு அடங்கியது. "அப்ப வைச்சிட்டுப் போங்கோ" என்று தலைவர் கைநீட்டினார். அக்கணமே அம்மனின் வலத்தோளிலிருந்து செவ்வரளிப் பூவொன்று நழுவி விழுந்தது. வலப்பக்கம் பூ விழுந்தால் அம்மனின் சம்மதம் என்பதை அங்கே அறியாதவர் இல்லை.

தாலி இல்லாதவர் என்று அதுவரை அம்மையாருக்குப் பூக் கொடுக்காத பூசாரியார், அந்தப் பூவை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அம்மாளுக்கு உங்கட சொல்லே போதுமாம், அக்கா. குடுங்கோ."

யோகராணி குனிந்து மடியேந்தினாள். "பொய்யில்லாமத் தாறியள். எனக்கும் அது போதும், அக்கா."

அம்மையார் கொடுத்தார். அன்று மாலையும் சுவருக்கு அப்பால் "ராணி" என்ற அழைப்புக் கேட்டது. அன்றும் வயிறு எரிந்தது. வியாழனன்று அம்மனின் சீலை அவர் கைக்கே வந்தது.

எரிகிற நெஞ்சை எரிகிறதென்றே சொல்லித் தாயின் முன் வைத்தவர் அவர். அந்த ஈரக் கைகளை நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.