இரண்டு முத்திரை விழுந்த வெந்நீர் ஊற்று

தண்ணீருக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஒரு மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்று ஒன்று இருந்தது. மார்கழி பிறந்தால் போதும், விடியும்போது காடே ஆவிக்குள் மிதக்கும். நிற்பது மரமா மானா என்று தெரியாது.

ராசாவுக்கு நீர்மணியம் பார்த்தவர் சடையாண்டி. எந்த ஊற்று குடிக்க, எந்த ஊற்று குளிக்க, எது மருந்து என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. மருந்துதான் என்று தெரிந்தால், செப்பு முத்திரையைப் பழுக்கக் காய்ச்சி வேங்கைப் பலகையில் சூடு போட்டு, அந்தப் பலகையை ஊற்றங்கரையில் நட்டுவிடுவார். முத்திரை விழுந்த ஊற்றைப் பன்றிகூடக் கலக்கக் கூடாது. ராசா கட்டளை.

இந்த ஊற்றைச் சோதிக்க அவர் தனியாக வரவில்லை. பெண்சாதி அங்காயியையும் வண்டியில் கூட்டி வந்தார். அவளுக்கு இரண்டு வருசமாக நெஞ்சில் படபடப்பு. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும், உதடு நாவல்பழ நிறமாகிவிடும். பார்க்காத வைத்தியர் இல்லை. மிச்சம் இருந்தது இந்த ஊற்று ஒன்றுதான்.

"பேசாம உட்காரு, அங்காயி. மூச்சை வீணாக்காதே."

"பேசுறதுக்குத்தானேங்க மூச்சு" என்றாள் அவள்.

சடையாண்டி வேலையைத் தொடங்கினார். ஊறுகிற வாயிலேயே மூங்கில் குழாயை வைத்துத் தண்ணீர் பிடித்தார். குடத்தில் தூக்கிப்போன தண்ணீர் வேறு தண்ணீர் என்பார் அவர். ஊற்று தேங்கிய குளத்தில் முழங்கையை விட்டுப் பார்த்தார். பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றுகிற பதமான சூடு. பிடித்ததைத் தாம்பாளத்தில் காய்ச்சி வற்றவைத்தார். வெள்ளையாக உப்புப் பூத்தது. இனி மூன்று சாட்சி கேட்க வேண்டும்.

எருமை வந்தது. "முட்டி பிடிச்சுக் கிடந்தேனுங்க ஐயா. ஒரு மாசம் இறங்கி ஏறினேன். இப்ப கடாவால என்னைத் துரத்திப் பிடிக்க முடியலை."

குரங்கு வந்தது. "சொறி போச்சு ஐயா. ஒரே சங்கடம், இப்ப யாரும் வந்து முதுகு சொறிஞ்சு விடமாட்டேங்கறாங்க."

சடையாண்டி முத்திரையை நெருப்பில் போட்டார்.

"மூணாவது சாட்சி எங்கேங்க?"

"ரெண்டு போதும். வா, இறங்கு."

நாற்பது வருச வேலையில் அவர் முறை தவறியது அன்றைக்குத்தான். அங்காயியைக் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கினார். அவள் பாதம் தண்ணீரைத் தொடப் போன நேரம், அதுவரை வாய் திறக்காத ஊற்று, உலையில் அரிசி புரள்கிற குரலில் பேசியது.

"ஐயா, மூணாவது சாட்சி நான் சொல்றேன். தாயை இறக்காதீங்க."

சடையாண்டி அவளைக் கரைக்கு இழுத்துக்கொண்டார்.

"போன பனிக்காலத்துல ஒரு கிழட்டு நீர்நாய் வந்துச்சு. இதே உதடு, இதே மூச்சு. கழுத்துவரை இறங்கிச்சு. நான் ஆசையாத்தான் அணைச்சேன். அது ஏறவே இல்லை ஐயா."

"பாவி! இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"சொன்னா முத்திரை கிடைக்காதே. பன்றி கலக்கிக் கலக்கி என் வாயெல்லாம் சேறு."

"அப்ப நீ மருந்தே இல்லை!" அவர் நெருப்பைக் காலால் கலைத்தார்.

"அப்ப என் முட்டி பொய்யாங்க?" என்றது எருமை.

அங்காயிக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. "எருமை கேக்கிறது நியாயந்தானேங்க. உங்களுக்கு ஒத்துக்கிற கத்தரிக்காய் எனக்கு அரிக்குது. அதுக்காகக் காய் கெட்டதா? யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாதுன்னு ரெண்டையும் எழுதுங்க."

சடையாண்டி உட்கார்ந்து பலகையை மடியில் எடுத்து வைத்தார். ஆவி அவரை மூடியது, விலகியது, மறுபடி மூடியது. பிறகு எழுத்தாணியை எடுத்தார். பலகையின் வலப்பக்கம் முட்டிவலி, சொறி என்று எழுதினார். இடப்பக்கம் கை ஓடவில்லை. எழுதிவிட்டால் கடைசி நம்பிக்கையும் போய்விடும். அங்காயி அவர் தோளில் கை வைத்தாள். 'நெஞ்சு பலமில்லாதவர் இறங்க வேண்டாம்' என்று எழுதி முடித்தார். கலைத்த நெருப்பைக் கூட்டி, வலப்பக்கம் ஒரு முத்திரை, இடப்பக்கம் ஒரு முத்திரை வைத்தார்.

வண்டிக்குத் திரும்பும்போது ஊற்று கூப்பிட்டது. "தாயி, வெறுங்காலோட போகாதீங்க."

கல்லிடுக்கில் மெல்லிசாக ஒரு நீர்த்தாரை பீறிட்டது. வேரோடு வேராக வளைந்து, சூடு தணிந்து, அவள் காலடிக்கு வந்தது. "பாதத்தை மட்டும் வைங்க. அவ்வளவுதான் என்னால முடியும்."

அங்காயி உட்கார்ந்து பாதத்தை நனைத்தாள். சடையாண்டியும் பக்கத்தில் உட்கார்ந்து காலை விட்டார். நோய் போகவில்லை. ஆனால் பனி விலகுகிறவரைக்கும் அவள் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் ஒரு தடவைகூடப் பேசாதே என்று சொல்லவில்லை.

அன்று முதல்தான், மருந்தென்று பலகை நட்ட வெந்நீர் ஊற்றில் ஆகிறவர்கள் ஒரு பக்கமும் ஆகாதவர்கள் ஒரு பக்கமும் எழுதப்படுகிறார்கள். இறங்க முடியாதவர்கள் கால் நனைத்தபடி பேசிக்கொண்டிருக்க, ஓரமாய் ஒரு சின்ன வாய்க்கால் ஓடுகிறது.